பழைய மாடல் மடக்குக்கத்தி: பார்த்து வாங்குறது, பாக்கெட்ல வச்சுக்கிறது, பாதுகாக்கிறது

மடக்குக்கத்தி சேர்க்கலாம்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த கம்பெனி நல்லதுன்னுதான். அது ரெண்டாவது கேள்வி. கத்திய கையில வாங்குனதும் எங்க பாக்கணும், எந்த சத்தத்த கேக்கணும், விரலுக்கு என்ன தெரியணும்னு பழகிட்டா கம்பெனி பேரெல்லாம் தானா பிடிபடும், அது பழகாம பேர மட்டும் வச்சு வாங்கிக்கிட்டே போனா பெட்டி நிறைஞ்சப்புறமும் அதுல எது நல்ல கத்தின்னு உங்களுக்கே சொல்லத் தெரியாது. இன்னொன்னும் இப்பவே சொல்லிடுறேன், இந்த மாதிரி கத்திய வாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மாடு மேய்க்கிறவங்க, விவசாயிங்க, மாலுமிங்கன்னு தினமும் கையில வச்சிருந்தவங்களுக்காக பிறந்த சாமான் இது. பாக்கெட்ல இருந்து எடுத்து மாம்பழம் நறுக்கி, பார்சல் பிரிச்சு, கயிறு அறுத்து பாத்தாத்தான் அதுல ஒவ்வொரு வளைவும் எதுக்கு இருக்குன்னு புரியும்.

பழைய மாடல்னு சொல்றதுல முக்காவாசி ஸ்லிப்ஜாயின்ட் வகைதான். பிடியோட முதுகுப்பக்கம் நீளமா ஒரு ஸ்டீல் பட்டை ஓடும், அதான் ஸ்பிரிங், அது பிளேடோட அடிப்பகுதிய, அதாவது டேங்க, எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும். திறந்து வச்சா திறந்தே நிக்கிறதும் மடக்குனா உள்ளயே கிடக்குறதும் அந்த அழுத்தத்தாலதான், லாக்னு ஒன்னு கிடையாது. இங்கிலாந்துல ஷெஃபீல்ட் ஊர்ல 17ஆம் நூற்றாண்டுலயே இப்படி ஸ்பிரிங் வச்ச கத்தி செய்ய ஆரம்பிச்சுட்டாங்க, அங்க இருந்துதான் பார்லோ மாதிரி மாடல்லாம் அமெரிக்காவுக்குப் போச்சு. பார்லோவ ஒரு தடவ பாத்தா மறக்காது, பிடியோட முன்பக்கம் மூணுல ஒரு பங்குக்கு இரும்பு மூடியிருக்கும், போல்ஸ்டர்னு சொல்லுவாங்க, விலை கம்மியான கத்தியா இருந்தாலும் ஆணி இருக்கிற இடம் சீக்கிரம் ஆடிப்போகக்கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு அது.

சரி, கத்தி கைக்கு வந்துருச்சு, என்ன பண்ணணும். மெதுவா திறங்க. நகம் வைக்கிற பள்ளத்துல நகத்த வச்சு இழுக்கும்போது எவ்ளோ பலமா இழுக்க வேண்டியிருக்குன்னு கவனிங்க, சேர்க்கிறவங்க இத ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் மார்க் போட்டு பேசுவாங்க, அஞ்சு ஆறு இருந்தா தினசரி வேலைக்கு சரியா இருக்கும், எட்டு ஒன்பதெல்லாம் நகத்த பேத்துரும், ரெண்டு மூணு இருந்தா பாக்கெட்டுக்குள்ளயே தானா திறக்குற ஆபத்து இருக்கு. சில கத்தில பாதி திறந்ததும் 90 டிகிரில ஒரு நிறுத்தம் இருக்கும், ஹாஃப் ஸ்டாப், மடக்கும்போது விரல காப்பாத்துறது அதுதான், புதுசா பழகுறவங்க அது உள்ளத வாங்குறது நல்லது. முழுசா திறந்ததும் டக்னு ஒரு சத்தம் வரணும், மடக்கும்போதும் வரணும். ஆங்கிலத்துல வாக் அண்ட் டாக்னு இதத்தான் சொல்லுவாங்க. சத்தம் மந்தமா வந்தா ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்ல உள்ள அழுக்கு அடைச்சிருக்கலாம், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு பத்து தடவ திறந்து மூடிட்டு மறுபடி கேளுங்க. அடுத்து திறந்த பிளேட விரலால பிடிச்சு இடது வலதா ஆட்டுங்க, அப்புறம் மேலயும் கீழயும். பக்கவாட்டுல லேசா ஆடுனா பழைய கத்தில பரவால்ல, மேல கீழ ஆடுச்சுன்னா அந்த கத்திய விட்டுருங்க. கடைசியா வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, ஸ்பிரிங்குக்கும் பக்கத்துல இருக்கிற பித்தளைத் தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. நல்ல பட்டறைக்காரங்க வேலைய இந்த ஒரு பார்வைலயே கண்டுபிடிச்சுரலாம்.

பழைய கத்தி, அதாவது உண்மையிலயே ஒருத்தர் வச்சிருந்து கை மாறி வர்ற கத்தின்னா இன்னும் நிறைய பாக்கணும். முதல்ல பிளேடு எவ்ளோ மிச்சம் இருக்கு. பல வருஷம் சாணை பிடிச்சுப் பிடிச்சு பிளேடு ஒல்லியாகியிருக்கும், அதுல தப்பில்ல, ஆனா முழு பிளேடுன்னு சொல்லி முழு விலைக்கு விப்பாங்க. கண்டுபிடிக்க ஒரு வழி, மடக்கி வச்சுட்டு நுனியப் பாருங்க, பிடிக்கு வெளிய துருத்திக்கிட்டு இருந்தா பெரும்பாலும் சாணை பிடிச்சு வாய்ப்பக்கம் நிறைய தேஞ்சுபோச்சு, இல்ல முனை உடைஞ்சத மறைக்க யாரோ வாய்ப்பக்கம் உரசியிருக்காங்க. ரெண்டு மூணு பிளேடு இருக்கிற கத்தில ஒவ்வொரு டேங்லயும் என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க, ஒன்னு பளிச்சுன்னு புதுசா, இன்னொன்னு தேஞ்சு, எழுத்தும் வேற மாதிரி இருந்தா வேற கத்தி பிளேட எடுத்து மாட்டியிருக்காங்க. அப்புறம் பாலிஷ். பஃபிங் மெஷின்ல போட்டு கண்ணாடி மாதிரி மின்ன வச்ச பழைய கத்திய சேர்க்கிறவங்க யாரும் ஆசையா வாங்க மாட்டாங்க, முத்திரையோட ஓரமெல்லாம் மழுங்கி, பழைய மெஷின் கோடு அழிஞ்சு, கத்தியோட வயசே போயிருக்கும். சாம்பல் நிறம், நீலம், கருப்பு இதெல்லாம் பாட்டினா, அதாவது ஸ்டீல் மேல நாளாக நாளாக படியிற நிறம், அது இருக்கட்டும். ஆரஞ்சு கலர்ல பொடியா வந்தா அது துரு, அத மட்டும் எடுக்கணும்.

முத்திரைய படிக்கிறது இந்த ஈடுபாட்டுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, அதுக்கு அமெரிக்காவோட கேஸ் கம்பெனி கத்திய விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கேஸ் சகோதரர்கள் 1889ல நியூயார்க் மாநிலத்துல லிட்டில் வேலிங்கிற ஊர்ல இருந்து குதிரை வண்டில கத்தி விக்க ஆரம்பிச்சவங்க, 1905ல இருந்து கம்பெனி பென்சில்வேனியால பிராட்ஃபோர்ட்ல இருக்கு, 1993ல அதே ஊர்ல இருக்கிற ஸிப்போ லைட்டர் கம்பெனி வாங்கிருச்சு. இவங்க கத்திக்கு நம்பர் உண்டு, அந்த நம்பர் சும்மா இல்ல. முதல் எண் பிடி என்ன பொருள்னு சொல்லும், ரெண்டாவது எண் எத்தன பிளேடு, மிச்சம் மாடல். 6318ன்னா 6 வந்து கொத்து வேலை செஞ்ச எலும்புப் பிடி, 3 பிளேடு, 18 வந்து ஸ்டாக்மேன் மாடல். 3318ன்னா அதே கத்தி, மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. 6254ன்னா எலும்புப் பிடி, 2 பிளேடு, ட்ராப்பர்ங்கிற மாடல். இத மனசுல வச்சுக்கிட்டா யாராவது பிடிய மாத்தி வித்தாக்கூட நம்பரே காட்டிக் குடுத்துரும்.

வருஷம் கண்டுபிடிக்கிறதும் அதே மாதிரிதான். கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்னு இருந்தா பெரும்பாலும் 1920ல இருந்து 1940க்குள்ள, கேஸ் எக்ஸ் எக்ஸ்னு மட்டும் இருந்தா 1940ல இருந்து 1964, கீழ யு.எஸ்.ஏ. சேர்ந்தா 1965ல இருந்து 1969. 1970ல முத்திரைக்குக் கீழ பத்து புள்ளி வச்சாங்க, ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளிய எடுத்துட்டாங்க, அதனால ஏழு புள்ளி இருந்தா 1973. 1980ல மறுபடி பத்து புள்ளில ஆரம்பிச்சாங்க, ஆனா இந்த தடவ கேஸ்ங்கிற பேர்ல இருக்கிற எஸ் எழுத்து மின்னல் கீத்து மாதிரி ஒடுக்கமா இருக்கும், அந்த எஸ்ஸும் ஏழு புள்ளியும் இருந்தா 1983. ஒரு லென்ஸ் மட்டும் கையில இருந்தா போதும், பிறந்த வருஷத்துக் கத்திய தேடிப் பிடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆரம்பிக்கிறதுக்கு அது ஒரு அழகான வழி.

ஸ்டாக்மேன்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் விளக்கணும். மூணு பிளேடுல நீளமானது கிளிப், நுனி கூரா இருக்கும், பொது வேலைக்கு. ரெண்டாவது ஷீப்ஸ்ஃபுட், வாய் நேரா இருக்கும், முதுகு வளைஞ்சு வந்து நுனில முடியும், பலகை மேல வச்சு நேர்கோடா வெட்ட இத விட நல்லது இல்ல. மூணாவது ஸ்பே, நுனி மொட்டையா இருக்கும், கன்னுக்குட்டிக்குக் காயடிக்கும்போது முனை தெரியாம குத்திறக்கூடாதுன்னு அப்படி செஞ்சாங்க. அமெரிக்க மாட்டுப்பண்ணைக்காரங்க தேவைதான் அந்த கத்தியோட உருவம். இன்னைக்கு நமக்கு அந்த வேலை இல்ல, ஆனா அந்த மொட்டை நுனி பிளேடு ஆரஞ்சு உரிக்கவும் ரொட்டில வெண்ணெய் தடவவும் அவ்ளோ நல்லா இருக்கும்.

எத முதல்ல வாங்கலாம்னா, பணம் அதிகம் போடாம பழகணும்னா ஓபினெல். இது ஸ்பிரிங் கத்தி இல்ல, மரப்பிடிய அறுத்து பிளேட சொருகி ஒரு ஆணி அடிச்ச எளிமையான கத்தி. பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப்பகுதி சவோயில 1890ல ஜோசஃப் ஓபினெல் உருவாக்குனது, சைஸ் நம்பர் வச்சே கூப்பிடுவாங்க, 8ஆம் நம்பர் பிளேடு 8.5 செ.மீ. 1955ல பிளேட நிறுத்தி வைக்க ஒரு சுத்துற வளையம் சேர்த்தாங்க, 2000ல இருந்து அது மூடுன நிலைலயும் பூட்டும். கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ரெண்டும் இருக்கு. நம்ம கடற்கரை ஊர் ஈரத்துல பீச் மரப்பிடி ஊதிக்கிட்டு பிளேடு திறக்கவே திறக்காது, அப்ப பலம் போட்டு நகத்த உடைச்சுக்காதீங்க, வளையத்த விலக்கிட்டு பிடியோட அடிக்கட்டைய மேஜைல ரெண்டு தட்டு தட்டுங்க, நுனி வெளிய வரும், சவோய்காரங்களே அப்படித்தான் பண்றாங்க. வாங்குன உடனே பிடிய காய வச்சு ஆளிவிதை எண்ணெய் ஊற விட்டா இந்த தொல்லை நிறைய குறையும்.

ஸ்பிரிங் வகைல முதல் கத்தின்னா விக்டோரினாக்ஸ் கேடட், மூடுன நீளம் 84 மி.மீ, அலுமினியப் பிடி. பழைய மாடல் சேர்க்கிறவங்க சிலர் இத கணக்குல சேர்க்க மாட்டாங்க, எனக்கு அது புரியல, அந்த கம்பெனிய ஆரம்பிச்ச கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்துல 1884ல பட்டறை போட்டு, 1897ல இன்னைக்கு சுவிஸ் ஆர்மி கத்தின்னு சொல்ற ஆஃபீசர் கத்திய பதிவு செஞ்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஸ்பிரிங் வேலை அவ்ளோ சுத்தமா இருக்கு, நல்ல டக் சத்தம் எப்படி இருக்கணும்னு காதுக்கு பழக்கப்படுத்த இதுவே போதும். அதுக்கப்புறம் கேஸ் மஞ்சள் பிடி, கார்பன் ஸ்டீல் உள்ளத பாருங்க. பழைய பாணிய அப்படியே புதுசா செய்யுறதுல இன்னைக்கு பெரிய பேரு கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, 2006ல பென்சில்வேனியா டைட்டஸ்வில்ல ஆரம்பிச்சது, 1095ங்கிற வகை கார்பன் ஸ்டீல்ல கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு விடுவாங்க, உடனே தீர்ந்துரும், அப்புறம் கை மாறும்போது விலை ஏறிக்கிட்டே போகும். அந்த ஓட்டத்துல ஆரம்பத்துலயே போய் மாட்டிக்க வேண்டாம்னு நான் சொல்லுவேன். பிரான்ஸோட லாகியோல் கத்தி மேல ஆசை வந்தா ரொம்ப கவனம், அந்த பேரையும் ஸ்பிரிங் மேல இருக்கிற தேனீயையும் யார் யாரோ போட்டு உலகம் பூரா விக்கிறாங்க, தேனீ இருக்குங்கிறது எதுக்கும் சாட்சி இல்ல, எந்த பட்டறை செஞ்சதுன்னு முத்திரை தெளிவா இருக்கணும். ஜப்பான் ஹிகோனோகாமி இன்னொரு தனி அழகு, ஒரே இரும்புத் தகட்ட மடிச்ச பிடி, ஸ்பிரிங்கும் இல்ல லாக்கும் இல்ல, பிளேடுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற வால கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும். ஒரு காலத்துல அங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பென்சில் சீவ வச்சிருந்தது, ஹ்யோகோ மாகாணம் மிகி ஊர்ல பல பட்டறை செஞ்சது, இன்னைக்கு அந்த பேர்ல செய்யுறது நாகாவோ கனேகோமா பட்டறை ஒன்னுதான்.

பிடி விஷயத்துல இந்தியால இருக்கிறவங்களுக்கு முக்கியமான ஒன்னு இருக்கு. ஷெஃபீல்ட், ஜெர்மனியோட ஜோலிங்கன், அமெரிக்கா எல்லா ஊர் பழைய உசத்தியான கத்திலயும் ஸ்டேக்னு சொல்ற மான் கொம்புப் பிடி இருக்கும், அதுல பெரும்பங்கு நம்ம ஊரு கடமான் கொம்பு, இங்க இருந்து கப்பல்ல போனது. 1990கள் கடைசில இந்தியா ஏற்றுமதிய நிறுத்துனதுல இருந்து அந்த கத்தி விலையெல்லாம் ஏறிப்போச்சு. ஆனா இங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பு சாமான் விக்கிறதோ வாங்குறதோ குத்தம், வெளிநாட்டுல இருந்து ஆர்டர் பண்ணி வரவழைக்கிறதும் சிக்கல், தந்தப் பிடியும் அப்படித்தான். மாட்டு எலும்பு, எருமைக் கொம்பு, மரம், துணிய ரெசின்ல அழுத்திச் செய்யுற மைகார்ட்டான்னு அவ்ளோ அழகான பிடியெல்லாம் இருக்கும்போது இதுக்குள்ள போகவே வேண்டாம்.

இனி பாக்கெட்ல வச்சுக்கிறது. சாவி, சில்லறை இருக்கிற பாக்கெட்ல போடாதீங்க, போல்ஸ்டர்லாம் கீறி அசிங்கமாயிரும், சின்ன தோல் உறையோ கைக்குட்டை மடிப்போ போதும். மூடுன நீளம் 9 செ.மீக்குள்ள இருந்தா பேன்ட் பாக்கெட்ல இருக்கிறதே தெரியாது, கேஸ் பீனட் மாதிரி 7 செ.மீ கத்திய ஜீன்ஸோட சின்ன பாக்கெட்லயே போட்டுக்கலாம். லாக் இல்லாத கத்திங்கிறத மறக்கக்கூடாது, குத்துற வேலை, துளை போடுற வேலை, நெம்புற வேலை எதுக்கும் இது இல்ல, முனைல அழுத்தம் போனா பிளேடு விரல் மேல மடங்கும். அழுத்தம் எப்பவும் வாய்ப்பக்கம் போற மாதிரி இழுத்து வெட்டுங்க. மடக்கும்போது பிடிய பக்கவாட்டுல பிடிச்சு, விரல்லாம் பள்ளத்துக்கு வெளிய இருக்கான்னு பாத்து, உள்ளங்கையால பிளேடு முதுக தள்ளுங்க. இன்னொருத்தருக்கு குடுக்கும்போது மூடித்தான் குடுக்கணும்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அத படிக்காம கத்திய எடுத்துட்டு கிளம்பாதீங்க. இந்தியால 2016 ஆயுத விதிகள்ல 9 இன்ச்ச விட நீளமோ 2 இன்ச்ச விட அகலமோ இருக்கிற கத்தி, வீட்டு வேலை விவசாய வேலைக்குன்னு செஞ்சதா இல்லாட்டி, ஆயுதப் பட்டியல்ல வரும். நாம பேசுறதெல்லாம் அதுல பாதி நீளம்கூட வராது, இருந்தாலும் பட்டன் அமுக்குனா பாய்ஞ்சு திறக்கிற கத்தி, பல்சக்கரம் மாதிரி பல் வச்சு திறக்கிற கராரி கத்தி இதுக்கெல்லாம் டெல்லி மாதிரி இடத்துல தனி நோட்டிஃபிகேஷன் இருக்கு, அங்க 7.62 செ.மீ நீளம் 1.72 செ.மீ அகலம் இருந்தாலே மாட்டும். அந்த வகைய சேர்க்கவே வேண்டாம்ங்கிறது என் கருத்து. ஏர்போர்ட், மெட்ரோ, கோர்ட், கூட்டம் போராட்டம் நடக்கிற இடம், எங்கயும் கொண்டு போகாதீங்க, விமானத்துல போகணும்னா செக்-இன் பெட்டிக்குள்ள போட்டுருங்க, கையோட எடுத்துட்டுப் போய் ஸ்கேனர்ல பறிகொடுத்தா திரும்ப வராது. இங்கிலாந்துல இருக்கிற நம்மாளுங்களுக்கு ஸ்லிப்ஜாயின்ட் ரொம்ப சரி, 1988 சட்டப்படி 3 இன்ச்சுக்கு மிகாத, லாக் இல்லாத மடக்குக்கத்திய காரணம் சொல்லாமலே வச்சுக்கலாம். ஆனா லாக் இருந்தா அந்த விலக்கு இல்லன்னு 1993லயே தீர்ப்பு வந்துருச்சு, அதனால வளையம் வச்ச ஓபினெல் 6ஆம் நம்பர் சின்னதா இருந்தாலும் சும்மா பாக்கெட்ல போட்டு வெளிய போகக்கூடாது. ஜப்பான்ல 6 செ.மீ தாண்டுனாலே தகுந்த காரணம் கேப்பாங்க.

பராமரிப்பு கஷ்டம் இல்ல, விடாம பண்ணணும், அவ்ளோதான். கார்பன் ஸ்டீல் கத்தில மாங்காயோ எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்குனா நீலமும் சாம்பலுமா கறை பிடிக்கும், பிடிக்கட்டும், அந்த பாட்டினா ஏற ஏற துரு வர்றது குறையும். நறுக்குன உடனே தண்ணில அலசி ஈரம் போகத் துடைச்சுரணும், முக்கியமா உப்பு பட்டா. பிளேடுக்கு மெடிக்கல்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு தடவுங்க, சாப்பாட்டுல பட்டாலும் பயமில்ல, ஆணி இருக்கிற மூட்டுக்கு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தெருவுல சக்கரத்துல சாணை பிடிக்கிறவங்ககிட்ட இந்த கத்திய குடுக்காதீங்க, அரிவாளுக்கு அது சரி, இவ்ளோ மெல்லிசான பிளேடு சூடேறி நீலமாச்சுன்னா ஸ்டீலோட பதமே போயிரும், அப்புறம் எவ்ளோ தீட்டுனாலும் கூர் நிக்காது. 1000 கிரிட் (சொரசொரப்போட அளவு) தண்ணிக்கல் ஒன்னு வாங்கி, பக்கத்துக்கு 15ல இருந்து 20 டிகிரி சாய்ச்சு, அவசரப்படாம நீங்களே தீட்டுங்க, கடைசில பழைய தோல் பெல்ட்ல முதுகுப்பக்கமா நாலு இழுப்பு இழுத்தா பேப்பர் சத்தமில்லாம வெட்டும்.

சேர்ந்துட்டே போகும்போது ஏதாவது ஒரு வரம்பு வச்சுக்கிட்டா நல்லது, பார்லோ மட்டும், இல்ல ஷெஃபீல்ட் மட்டும், இல்ல ஒரே மாடல்ல பல பட்டறைன்னு. ஒரே மாடல பல பட்டறைகாரங்க எப்படி செஞ்சிருக்காங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கும்போது கத்துக்கிற மாதிரி வேற எதுலயும் கத்துக்க முடியாது. ஒரு நோட்டுல முத்திரைய வரைஞ்சு, எங்க எவ்ளோக்கு வாங்குனது, பிளேடு நீளம் எவ்ளோன்னு எழுதி வைங்க, பெட்டியும் பேப்பரும் வந்திருந்தா தூக்கிப் போடாதீங்க.

பாக்கெட்ல இல்லாத கத்திய தோல் உறைக்குள்ள போட்டு மாசக்கணக்குல வைக்கக்கூடாது, தோல் பதப்படுத்துன ரசாயனமும் அது இழுக்கிற ஈரமும் பிளேட அரிச்சுரும், பித்தளைல பச்சை பிடிக்கும். பருத்தித் துணில சுத்தி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்னு போட்டு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து திறந்து துடைச்சு எண்ணெய் காட்டுங்க. செல்லுலாய்டு பிடி போட்ட பழைய கத்தி இருந்தா, அதாவது முத்து மாதிரியும் ஆமை ஓடு மாதிரியும் கலர் கலரா மின்னுற 1900களோட முதல் பாதி கத்தி, அத மட்டும் வேற அலமாரில காத்தாட வைங்க. அந்த பிளாஸ்டிக் வயசாக வயசாக ஆவி விடும், அந்த ஆவில ஆசிட் இருக்கு, தன் பிளேட மட்டுமில்லாம அதே பெட்டில இருக்கிற மத்த கத்தியையும் சேர்த்து துரு ஏத்திரும். பக்கத்துல இருக்கிற கத்திலாம் காரணமே இல்லாம துருப்பிடிக்குது, பெட்டிய திறந்தா மூக்குல ஏறுற ஒரு வாடை வருதுன்னா முதல்ல செல்லுலாய்டு பிடிய தேடுங்க, வெடிப்பு விட்டு பிசுபிசுன்னு ஆக ஆரம்பிச்சிருந்தா அன்னைக்கே மத்ததுல இருந்து பிரிச்சு எடுத்துருங்க. எளிதா தீப்பிடிக்கிற பொருளும்கூட, அதனால அடுப்பு, வெயில் படுற ஜன்னல் பக்கம் வேண்டாம்.